மலைப் படத்தின் லிமிட்டெட் எடிஷன் பிரிண்ட் வாங்கலாமா? கல்முனையிலிருந்து வந்த கேள்விக்கு ஒரு விரிவான பதில்

கேள்வி இதுதான். கல்முனையில் கடற்கரைப் பக்கமாகப் புது வீடு கட்டியிருக்கும் ஒருவர், முன் ஹோலில் மாட்ட ஒரு மலைப் படம் பார்த்து வைத்திருக்கிறார். நேபாளத்தின் அமா டப்லம் சிகரம், விடியற்கால வெளிச்சத்தில் எடுத்தது. எடுத்தவர் ஐரோப்பாவில் இருக்கும் ஒரு போட்டோகிராபர். 60×90 சென்ரிமீற்றர் அளவு, 50 பிரதிகள் மட்டும், அதிலும் கொஞ்சம்தான் மிச்சம் என்று போட்டிருக்கிறார்களாம். பருத்தித் தாள், அலுமினியத் தகடு, அக்ரிலிக் என்று மூன்று வகையில் கிடைக்கிறது. விலை ஒரு நல்ல பிரிட்ஜ் வாங்கும் காசு. அவர் கேட்பது: இந்தக் காசு கொடுக்கலாமா, பிறகு விலை ஏறுமா, எங்கட ஊர்க் காற்றுக்கு இது தாங்குமா?

நான் மட்டக்களப்பில் படம் அச்சிட்டு பிரேம் போடும் தொழிலில் இருப்பவன். சுருக்கமாகச் சொன்னால், அந்தப் படம் உங்களுக்கு மனதுக்குப் பிடித்திருக்கிறது என்றால், சில விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு வாங்குங்கள். விலை ஏறும் என்று கணக்குப் போட்டு வாங்க வேண்டாம். மூன்றாவது கேள்விதான் மற்ற இரண்டையும் விட முக்கியமானது. வாங்குகிற பலர் அதைக் கேட்பதே இல்லை.

முதலில் அந்த 50 என்ற எண்ணைப் பார்ப்போம். பிரிண்ட்டின் கீழ் ஓரத்தில் பென்சிலால் 7/50 என்று எழுதியிருந்தால், ஐம்பதில் ஏழாவது என்று அர்த்தம். செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட காலத்தில் இதற்கு ஒரு காரணம் இருந்தது. அச்சிட அச்சிடத் தகடு தேயும், முதல் பிரதிகள் கூர்மையாகவும் கடைசிப் பிரதிகள் மங்கலாகவும் வரும். போட்டோவில் அப்படி இல்லை. டிஜிட்டல் கோப்பு தேயவே தேயாது. ஐம்பதோடு நிறுத்துவேன் என்று படம் எடுத்தவர் வாக்குக் கொடுக்கிறார், நீங்கள் அந்த வாக்குக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறீர்கள். ஆகவே அந்த வாக்கு சரியாக என்ன என்று தெரிய வேண்டும்.

அது ஏன் முக்கியம் என்று காட்ட ஒரு வழக்கு இருக்கிறது. அமெரிக்கரான வில்லியம் எகிள்ஸ்டன் வண்ணப் புகைப்படக் கலையில் மிகப் பெரிய பெயர். பல வருடங்களுக்கு முன் அவர் சில படங்களை எண்ணிக்கை வரையறுத்து விற்றிருந்தார். 2012-ல் அதே படங்களில் சிலவற்றை டிஜிட்டல் முறையில், இன்னும் பெரிய அளவில் புதிதாக அச்சிட்டு, கிறிஸ்டீஸ் ஏலத்தில் விற்றார்கள். மொத்தம் 59 இலட்சம் டொலர் வந்தது. பழைய பிரதிகளை வைத்திருந்த ஜொனதன் சோபல் என்ற சேகரிப்பாளர் வழக்குப் போட்டார். புதிய அளவு, புதிய முறை என்பதால் அது வேறு எடிஷன் என்று சொல்லி 2013-ல் நியூயோர்க் நீதிமன்றம் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தது. அவ்வளவு பெரிய சேகரிப்பாளருக்கே அந்த முடிவு என்றால், கல்முனையிலிருந்து ஒரு பிரதி வாங்கும் உங்களுக்கு முதலிலேயே எழுத்தில் இருப்பதுதான் பாதுகாப்பு.

ஆகவே காசு அனுப்புவதற்கு முன் மின்னஞ்சலில் கேளுங்கள். ஐம்பது என்பது இந்த அளவில் மட்டுமா, எல்லா அளவுகளையும் சேர்த்தா? 40×60-ல் ஒரு ஐம்பது, 60×90-ல் ஒரு ஐம்பது, 100×150-ல் ஒரு ஐம்பது, பிறகு தாளில் ஒன்று, அலுமினியத்தில் ஒன்று என்று போனால் உலகத்தில் அந்தப் படம் நூற்றுக்கணக்கில் இருக்கும். ஆர்ட்டிஸ்ட் புரூப் என்று கலைஞர் தனக்கு வைத்துக்கொள்ளும் பிரதிகள் எத்தனை? ஐம்பதும் விற்றபிறகு இதே படத்தை வேறு அளவிலோ போஸ்டராகவோ போடும் எண்ணம் உண்டா? வழியில் பிரதி சேதமானால் அதே எண்ணில் மாற்றுப் பிரதி தருவாரா, பழையதைக் கிழிக்கச் சொல்வாரா? நேர்மையான போட்டோகிராபர் இதற்கெல்லாம் ஒரு நாளில் பதில் போடுவார், கேட்டதற்குச் சந்தோஷமும் படுவார். பதில் வழவழ என்று வந்தால் விட்டுவிடுங்கள், வேறு மலை இருக்கிறது, வேறு போட்டோகிராபரும் இருக்கிறார்.

விற்பவர் ஐரோப்பாவில் இருப்பதால் இன்னொன்றும் கவனியுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் பெறுமதி சேர் வரிச் சட்டத்தில், ஒரு போட்டோ கலைப்படைப்பாகக் கணக்கில் வருவதற்கு நிபந்தனை உண்டு. எடுத்தவரே அச்சிட்டிருக்க வேண்டும், அல்லது அவர் மேற்பார்வையில் அச்சிட்டிருக்க வேண்டும். கையெழுத்தும் எண்ணும் இருக்க வேண்டும். எல்லா அளவுகளும் எல்லா வகைகளும் சேர்த்து 30 பிரதிக்கு மேல் போகக்கூடாது. அங்குள்ள பலர் 30-க்குள் நிறுத்திக்கொள்வதற்கு இது ஒரு காரணம். உங்கள் ஆள் 50 போடுகிறார் என்பதால் அவர் ஏமாற்றுக்காரர் ஆகிவிடமாட்டார், சட்டம் வரியைப் பற்றி மட்டும்தான் பேசுகிறது. ஆனால் அந்த வரைவிலக்கணத்தில் வரும் ‘எல்லா அளவுகளும் சேர்த்து’ என்ற நிபந்தனையைத்தான் நீங்களும் அவரிடம் கேட்க வேண்டும்.

விலை ஏறுமா என்ற கேள்விக்கு வருகிறேன். மலைப் படங்களின் பெரிய ஆசான் அன்சல் அடம்ஸ். அவர் 1941-ல் எடுத்த ‘மூன்ரைஸ், ஹெர்னாண்டஸ்’ படத்தை இருட்டறையில் தன் கையாலேயே 1,300-க்கு மேற்பட்ட பிரதிகள் அச்சிட்டார் என்று சொல்கிறார்கள். எண் வரையறை எதுவும் கிடையாது. அப்படியிருந்தும் அதில் ஒரு பிரதி 2006-ல் சொதபீஸ் ஏலத்தில் 609,600 டொலருக்குப் போனது. டீட்டன் மலைத்தொடரையும் ஸ்நேக் ஆற்றையும் அவர் 1942-ல் எடுத்த படத்தின் பெரிய சுவரளவுப் பிரதி ஒன்று 2020-ல் 988,000 டொலருக்குப் போனது. அந்த விலைகள் அடம்ஸின் பெயராலும் அவர் அச்சிட்ட கைத்திறனாலும் வந்தவை. எண் சின்னதாக இருக்கிறது என்பதற்காக மட்டும் யாரும் அந்த விலை கொடுப்பதில்லை.

விற்பவர்கள் இன்னொரு முறையும் வைத்திருக்கிறார்கள். முதல் பத்துப் பிரதி ஒரு விலை, அடுத்த பத்து கூடிய விலை, கடைசி ஐந்து இரண்டு மடங்கு. இதில் தப்பில்லை, முந்தி வாங்குபவருக்கு ஒரு சலுகை மாதிரி. ஆனால் அது விற்பவர் தானே போட்ட விலை. நீங்கள் நாளைக்கு விற்கப் போனால் அந்த விலைக்கு வாங்க ஆள் வேண்டும். ஏலத்தில் இதுவரை பெயர் வராத ஒருவரின் படத்துக்கு அந்த ஆள் கிடைப்பது கஷ்டம், கல்முனையிலோ மட்டக்களப்பிலோ இன்னும் கஷ்டம். இருபது வருடம் தினமும் பார்க்கலாம் என்று தோன்றினால் அந்தக் காசு வீண் இல்லை. அந்தக் கணக்கு மட்டும்தான் நான் போடுவேன்.

இனி பிரிண்ட்டுக்கு வருவோம். எனக்குப் பேசப் பிடித்த பகுதி இது. பனிமலைப் படத்தில் பனியின் மிக வெளிச்சமான இடங்களில் மை மிகக் கொஞ்சம்தான் விழும், சில இடத்தில் விழுவதே இல்லை. நீங்கள் பார்க்கும் பனி, தாளின் சொந்த வெள்ளை. தாள் மஞ்சளானால் பனியும் மஞ்சளாகும். கடற்கரைப் படத்திலோ காட்டுப் படத்திலோ இது பெரிதாகக் கண்ணுக்குப் படாது, பனிமலையில் உடனே படும். அதனால் மலைப் படம் வாங்குபவர் தாளைப் பற்றித்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

வாழைச்சேனைக் காகித ஆலையில் வைக்கோலிலிருந்து காகிதம் செய்தது எங்கள் பக்கத்தவர்களுக்குத் தெரியும். வைக்கோலிலும் மரத்திலும் லிக்னின் என்ற பொருள் இருக்கிறது, அது சரியாக நீக்கப்படாவிட்டால் வெளிச்சம் பட்டுத் தாள் பழுக்கும். பருத்தி நாரில் லிக்னின் இல்லை என்றே சொல்லலாம். அதனால்தான் நல்ல பிரிண்ட்டுகளை நூறு வீதப் பருத்தித் தாளில் போடுகிறார்கள். ஜெர்மனியின் ஹானமூலே 1584-லிருந்து தாள் செய்யும் ஆலை, பிரான்ஸின் கான்சன் அதற்கும் முந்தி, 1557. ஹானமூலேயின் போட்டோ ராக் என்ற தாள், சதுர மீற்றருக்கு 308 கிராம், உலகம் முழுக்க இந்த வேலைக்குப் பாவிக்கிறார்கள். விற்பவரிடம் ‘என்ன தாள், எத்தனை கிராம்’ என்று கேட்டால் பெயரோடு பதில் வர வேண்டும். ‘மியூசியம் தரம்’ என்று மட்டும் சொன்னால் போதாது.

பருத்தித் தாளிலும் ஒரு வேறுபாடு உண்டு. சில தாள்களில் வெள்ளையைக் கூட்டிக் காட்ட ஒளிரூட்டும் இரசாயனம் சேர்ப்பார்கள். சலவைத் தூளில் சேர்ப்பதும் இந்த வகைதான். அது புற ஊதாக் கதிரை வாங்கி நீல வெளிச்சமாகத் திருப்பிக் கொடுக்கும், தாள் பளிச்சென்று தெரியும். சில வருடங்களில் அந்த இரசாயனம் வலுவிழக்கும்போது பனி மெல்ல மெல்லக் கிறீம் நிறத்துக்குத் திரும்பும். ஒளிரூட்டி இல்லாத தாள் தொடக்கத்திலேயே கொஞ்சம் மென்மையான வெள்ளை, ஆனால் அது அப்படியே நிற்கும். சோதிப்பது லேசு. கள்ள நோட்டுப் பார்க்கும் நீல லைட்டை இருட்டில் தாளின் மேல் பிடியுங்கள், தாள் நீலமாக ஒளிர்ந்தால் ஒளிரூட்டி இருக்கிறது. விற்பவரிடம் உள்ளங்கை அளவு மாதிரித் துண்டு ஒன்று கேட்டுப் பாருங்கள், பலர் அனுப்புவார்கள்.

மை பிக்மென்ட் மையாக இருக்க வேண்டும். எப்சன், கெனன் இரண்டின் பெரிய அச்சுப்பொறிகளிலும் இந்த மை வருகிறது. மை துகளாகத் தாளில் தங்கும், வெளிச்சத்துக்கும் ஈரத்துக்கும் சாய மையை விட நன்றாகத் தாங்கும். ‘ஜிக்லே’ என்று எழுதியிருந்தால் அது இங்க்ஜெட் பிரிண்ட்தான், எந்த மை என்று அப்போதும் கேட்க வேண்டும்.

பளபளப்பில்லாத மேட் தாளா, பரைட்டா தாளா? பரைட்டாவில் பேரியம் சல்பேட் பூச்சும் மெல்லிய பளபளப்பும் இருக்கும், கறுப்பு நல்ல ஆழமாக விழும். அமா டப்லம் மாதிரிக் கூரான பாறையும் பனியும் உள்ள படத்துக்கு நான் பரைட்டாவைத்தான் எடுப்பேன். நக்கிள்ஸ் மலையில் மூடுபனி படர்ந்த படம் என்றால் மேட். பரைட்டாவில் ஒரு குறை வரலாம்: மை விழாத பனியும் மை விழுந்த வானமும் பக்கவாட்டில் பார்க்கும்போது வெவ்வேறு பளபளப்பாகத் தெரியும். நல்ல அச்சகங்கள் நிறமில்லாத ஒரு மேற்பூச்சை முழுதும் கொடுத்து இதைச் சரி செய்வார்கள். பூச்சு உண்டா என்று கேளுங்கள்.

கோப்பின் அளவையும் கேளுங்கள். 45 மெகாபிக்சல் கமெராவின் படம் 8,256 புள்ளி அகலம். 90 சென்ரிமீற்றருக்கு விரித்தால் அங்குலத்துக்கு ஏறக்குறைய 233 புள்ளி வரும், ஹோலில் நின்று பார்க்க அது தாராளம். 12 மெகாபிக்சல் படத்தை அதே அளவுக்கு விரித்தால் 113 புள்ளிதான். அப்போது பாறைக் கோடுகள் குழையும். இத்தாலியரான விட்டோரியோ செல்லா 1899-ல் கஞ்சன்ஜங்காவைச் சுற்றி வந்த பயணத்துக்குப் பெரிய கண்ணாடித் தகடுகளைச் சுமந்துகொண்டு போனார். மலையில் நுணுக்கம்தான் உயிர் என்று அவருக்கு அன்றே தெரிந்திருந்தது. அவர் படங்களை ஒரு முறையாவது தேடிப் பாருங்கள், பிறகு இந்த அமா டப்லத்தைப் பார்க்கும் கண்ணே மாறும்.

இனி எங்கள் காற்று. பிரிண்ட் விற்பவர்கள் ‘நூறு வருடம் மங்காது’ என்று சொல்வதற்குப் பெரும்பாலும் ஆதாரம் ஹென்றி வில்ஹெல்மின் ஆய்வுக்கூடச் சோதனைகள். அந்தச் சோதனையின் கணக்கு 450 லக்ஸ் வெளிச்சம் நாளுக்கு 12 மணித்தியாலம், 24 பாகை வெப்பம், 60 வீத ஈரப்பதம். கல்முனையில் அந்த 24 பாகையும் 60 வீதமும் எங்கே இருக்கிறது? மாரியில் வாடைக்காற்றோடு மழை கொட்டும்போது அலமாரிக்குள் இருக்கும் துணிகூடக் குளிர்ந்து ஈரமாக இருக்கும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் எல்லாம் காய்ந்து கிடக்கும். பருத்தித் தாள் ஈரத்தில் விரியும், காய்ந்தால் சுருங்கும். நாலு ஓரமும் ஒட்டி வைத்த தாள் அந்த இழுபறியில் அலை அலையாகிவிடும். எங்கள் கரையில் படங்கள் கெடுவதற்கு மை மங்குவதை விட இதுவே அதிகக் காரணம்.

அதனால் பிரேம் போடுபவரிடம் இதைச் சொல்லுங்கள். தாளை மேல் விளிம்பில் மட்டும், இரண்டு மூன்று இடத்தில், மெல்லிய ஜப்பானியத் தாள் கீற்றால் தொங்க விட வேண்டும். கீழும் பக்கமும் சும்மா விட வேண்டும். இரட்டைப் பக்க டேப் வேண்டாம், கம் டேப் வேண்டாம். ‘லெமினேட் பண்ணித் தரட்டுமா’ என்று அன்பாகக் கேட்பார்கள், கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்லுங்கள். லெமினேட் செய்த பிறகு அதைத் திரும்ப எடுக்க வழியில்லை. படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் அமிலமில்லாத மவுண்ட் அட்டை வைத்து மூன்று நாலு மில்லிமீற்றர் இடைவெளி விட வேண்டும். கண்ணாடியில் படம் முட்டிக்கொண்டிருந்தால் ஒரு மாரியிலேயே ஒட்டிப் பிடிக்கலாம், பிறகு பிரித்தால் மேற்பூச்சும் சேர்ந்து வரும். பின்பக்கம் ஹாட்போட் போடுவது வழக்கம், அது ஈரத்தை உறிஞ்சும், அமிலம் விடும், கறையானுக்கும் பிடிக்கும். அதற்குப் பதிலாக முதலில் அமிலமில்லாத அட்டை, அதற்குப் பின்னால் கடைப் பெயர்ப்பலகைக்குப் போடும் அலுமினியக் கொம்பசிட் தகடு. சுற்றிவர ஓரத்தை டேப்பால் மூடினால் இராமபாணப் பூச்சியும் உள்ளே போகாது.

கண்ணாடிக்குப் பதில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அக்ரிலிக் கிடைத்தால் நல்லது. 60×90-ல் கண்ணாடி பாரம், மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குக் கொண்டுபோகும்போது உடையும் பயமும் உண்டு. இதைக் கொழும்பிலிருந்து எடுப்பிக்க வேண்டி வரலாம், காத்திருங்கள்.

மாட்டும் இடம். உங்கள் வீட்டுக்குக் கடல் கிழக்கே. காலை வெயில் கிழக்கு யன்னலால் நேராக உள்ளே வந்து எதிர்ச் சுவரில் விழும். அந்தச் சுவர் வேண்டாம், யன்னலுக்குப் பக்கவாட்டில் உள்ள சுவர் பாருங்கள். வெளிச் சுவரை விட அறைகளுக்கு நடுவில் உள்ள சுவர் மேல். அப்புறம், புது வீடு என்றீர்கள். புதிதாகப் பூசிய சீமெந்துச் சுவருக்குள் நீர் நெடுநாள் இருக்கும். ஒரு கோடை முழுதும் காய்ந்த பிறகு மாட்டுவது நல்லது. அப்போதும் பிரேமின் பின் மூலைகளில் சின்ன ரப்பர்க் குமிழ் ஒட்டிச் சுவருக்கும் படத்துக்கும் இடையில் காற்றோட விடுங்கள். சாமி அறைப் பக்கம் வேண்டாம், விளக்குப் புகை படியும்.

மற்ற இரண்டு வகைகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அலுமினியத் தகட்டில் சாயத்தை வெப்பத்தால் ஏற்றும் பிரிண்ட் ஈரத்துக்கு நன்றாகத் தாங்கும், கண்ணாடியும் வேண்டாம், ஈரத்துணியால் துடைக்கலாம். நாலு பக்கமும் கடற்காற்று அடிக்கும் விறாந்தைக்கு அதுதான் சரி. ஆனால் பனியின் மென்மையான சாயல்கள் அதில் கொஞ்சம் கடினமாகத் தெரியும், பென்சில் கையெழுத்துக்கும் இடம் இல்லை. அக்ரிலிக்கின் பின்னால் படத்தை ஒட்டும் முறை பார்க்கப் பிரமாதமாக இருக்கும். ஒரு கீறல் விழுந்தால் மாற்ற முடியாது, இவ்வளவு தூரம் அனுப்புவதும் ஆபத்து. உங்கள் ஹோலுக்கு நான் தாளைத்தான் சொல்வேன்.

பிரேம் இல்லாமல், தாளை மட்டும், குறைந்தது 10 சென்ரிமீற்றர் விட்டமுள்ள தடித்த குழாயில் சுருட்டி அனுப்பச் சொல்லுங்கள். ‘கலைப்பொருள், வரி வராது’ என்று யாராவது சொன்னால் நம்பிவிட வேண்டாம். உலகச் சுங்க வகைப்பாட்டில் அச்சிட்ட போட்டோக்கள் 4911-ல் வருகின்றன. 9702-ல் வருவது செதுக்குச் சித்திரம், கல்லச்சு போன்றவை. வரி எவ்வளவு என்று கிளியரிங் செய்பவரிடம் ஆர்டர் போடுவதற்கு முன் கேட்டு விலையோடு கூட்டிப் பாருங்கள்.

எல்லாம் கூட்டிய பிறகு காசு கையைக் கடித்தால், இன்னொரு வழியும் இருக்கிறது, அது குறைந்த வழியும் இல்லை. 2,243 மீற்றர் சிவனொளிபாத மலையை விடியலில் எடுப்பவர்கள் எங்கள் நாட்டிலேயே இருக்கிறார்கள். கிரான் பக்கத்து வயல்வெளிக்கு அப்பால் எழும் குடும்பிமலையும் அம்பாறை மாவட்டத்துக் கோவிந்தஹெலாவும் அறுநூறு மீற்றரை எட்டாதவைதான், ஆனால் சமதரையிலிருந்து அவை எழும்பும் விதம் எந்தப் பெரிய சிகரத்துக்கும் குறையாத படம். அப்படி எடுக்கும் ஒருவரிடம் நல்ல கோப்பு வாங்கி, நல்ல பருத்தித் தாளில் கொழும்பில் அச்சிட்டு, அவர் கையெழுத்தும் திகதியும் போடச் சொல்லுங்கள். எண் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. மிச்சக் காசை முழுக்க பிரேமுக்குப் போடுங்கள்.

அமா டப்லம்தான் என்று முடிவெடுத்தால் தை கடைசியில் ஆர்டர் போடுங்கள். மாசி, பங்குனியில் வந்து சேர்ந்தால் மாரி ஈரம் இறங்கியிருக்கும். குழாயை ஒரு நாள் அறையில் வைத்துவிட்டுப் பிறகு சுத்தமான கையால் திறந்து, எண்ணையும் கையெழுத்தையும் படத்தோடு வரும் சான்றிதழோடு ஒப்பிட்டுப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பழையபடி சுருட்டிக் குழாயோடு பிரேம் கடைக்குக் கொண்டு போகலாம். சான்றிதழைப் பிரேமின் பின்னால் ஒட்ட வேண்டாம், காணி உறுதியோடு வேறாக வையுங்கள்.